ஆடிப்பிறப்பும் திருகைக் கல்லும்

“ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஊர்காவற்றுறைக் கரையிலே நின்று சோளகக் காற்றை முகத்தில் வாங்கியவர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. கடற்கோட்டையைச் சூழ்ந்த நீர் கலங்கி நுரை கக்கும். பனையோலைகள் இரவு முழுதும் ஓயாது சலசலக்கும். முற்றத்துப் பாயில் உலரவிட்ட பயற்றை நாற்புறமும் கல் வைத்துக் காக்க வேண்டியிருக்கும். எனினும், இப்பழமொழியைச் சொல்லிச் சென்றவர்கள் நினைத்தும் பாராத ஒன்றை எமது தலைமுறை கண்டது. அம்மியும் திருகையும் உரலும் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றுக்கு உரியவர்கள் நாற்றிசையும் பறந்து போயினர்.

கல்லூரியின் விழா மலரிலே ஆசான்மாரின் பெருமையும் விளையாட்டுக் களத்து வெற்றிகளும் இடம்பெறுதல் மரபு. அவற்றை எழுதத் தக்கார் பலர் உளர். நானோ தீவகத்துப் பாடசாலை ஒன்றிலே தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியன். அடுக்களையிற் கிடக்கும் ஒரு கல்லைப் பற்றி எழுத எண்ணினேன். இதுவும் ஒரு பொருளா என்று வினவும் பழைய மாணவ அன்பர்கள் சிறிது பொறுத்தருள்க. இக்கல்லைக் குறித்து எனக்குத் திடமான கருத்தொன்று உண்டு. அதனை நான் அடைந்த வழி அத்துணை எளியதன்று; முதலிலே நான் கொண்டிருந்த கருத்துத் தவறானது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

ஆடி மாதம் முதலாம் நாள், ஆங்கில மாதக் கணக்கிலே யூலை 17ஆம் நாளளவில், யாழ்ப்பாணத்தவர் கொண்டாடும் ஆடிப்பிறப்பினை அறியாதார் இம்மலரை வாசிப்போருள் இரார். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) அந்நாளைப் பற்றிப் பாடிய பாட்டினை மழலைப் பருவத்திலேயே மனனஞ் செய்தவர்கள் நாம். இன்று அந்நாள் அரசாங்க விடுமுறைப் பட்டியலில் இல்லை. ஆயினும் எங்கள் வீடுகளில் அது விடுமுறையாகவே விளங்கி வந்தது. பிள்ளைகளுக்கு விடுமுறை, பெண்களுக்கோ இரட்டிப்பு வேலை.

அவ்வேலையின் முறைமையைச் சற்றே நினைவு கூர்வோம். முதல் நாளே பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, உரலில் இட்டு இடிப்பர். இடித்த மாவை அரிதட்டில் அரித்து, தட்டில் எஞ்சிய கப்பியை மீண்டும் உரலில் இடுவர். பயற்றை மணம் எழும்வரை வறுத்து, ஆறவிட்டு, திருகையின் வாயிற் பிடிபிடியாக இட்டு உடைப்பர். உடைந்த பயற்றைச் சுளகிலே புடைத்துக் கோதினைப் போக்குவர். மா ஒரு பங்கு கூழுக்கு. ஒரு பங்கு கொழுக்கட்டைக்கு. தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் பயறும் கூடிக் கொதிக்கும் கூழினைப் பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திய கரண்டியால் உறிஞ்சிக் குடித்தோம் நாங்கள். அக்கூழின் இன்சுவையைப் பற்றி அரைநாள் பேசவல்ல எம்முள், அதன் மா எவ்வளவு நேரத்தில் இடிபட்டது என்று கேட்டறிந்தவர் எத்தனை பேர்? நான் கேட்டதில்லை.

இனி அக்கல்லின் வரலாற்றுக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாடும் அதனைச் சூழ்ந்த தீவுகளும் சுண்ணாம்புக்கற் படுகையின் மீது அமைந்தவை. நெடுந்தீவிலே வேலிக்குப் பதிலாக மதில் அடுக்குதற்கு வேண்டிய முருகைக்கல் உண்டு. நயினாதீவிலோ வேலணையிலோ கிணறு தோண்டினால் வெண்கல் அகப்படும். ஆனால் தானியத்தை அரைத்தும் தான் தேயாதிருக்கும் கருங்கல் நம் நிலத்திலே கிடையாது. ஆகவே, நம் வீடுகளிலே கிடக்கும் அம்மி, ஆட்டுக்கல், திருகை ஒவ்வொன்றும் வன்னி நிலத்திலிருந்தோ கடலுக்கு அப்பாலிருந்தோ வந்து சேர்ந்ததாகவே இருத்தல் வேண்டும். பாய்மரக் கலங்கள் வந்து தங்கிய துறையாகிய ஊர்காவற்றுறையிலே பிறந்த எனக்கு, இக்கற்களும் நம்மைப் போலவே கடல் கடந்து குடிபுகுந்தவை என்ற எண்ணம் ஒருவித உறவினைத் தருகின்றது. அரிதாக வந்த பொருளாகலின் அதனை ஒருவரும் எளிதிற் கைவிடார். தாயிடமிருந்து மகளுக்கும், அவளிடமிருந்து அவள் மகளுக்குமாக அது கைமாறி வந்தது. மழுங்கியபொழுது கல் கொத்துவோரை அழைத்துப் புதுக்கினரேயன்றி எறிந்தாரில்லர்.

1990ஆம் ஆண்டிலே தீவகத்தைப் போர் சூழ்ந்தபொழுது எனக்கு வயது பத்து. உடுத்த உடையோடும் ஒரு சாக்கு அரிசியோடும் நாங்கள் வெளியேறினோம். தெய்வப் படங்களையும் காணி உறுதிகளையும் எடுத்து வைத்த அன்னையார், புறப்படும் வேளையில் திருகையின் மேற்கல்லைத் தொட்டு நின்றதை நான் கண்டேன். தந்தையார், “கல்லை ஆர் தூக்கிறது? வா,” என்றார். கல் நின்றது, நாங்கள் சென்றோம்.

வலிகாமத்திலே உறவினர் வீடொன்றின் தாழ்வாரத்தில் வாழ்ந்த அவ்வாண்டுகளை அக்காலத்தில் அங்கிருந்தோர் மறவார். மின்சாரம் அற்றுப் போயிற்று. பொருளாதாரத் தடையினால் டீசலும் மண்ணெண்ணெயும் அரும்பொருள்களாயின. அரைக்கும் மில்கள் ஒவ்வொன்றாக நின்றன. அதுவரை கோழிகள் ஏறி உறங்கும் மேடையாகக் கிடந்த உரல்கள் மீண்டும் நிமிர்த்தப்பட்டன. கொல்லையிற் கவிழ்ந்து கிடந்த திருகைகள் கழுவப்பட்டன. கோதுமை மா கிடைக்காத நாள்களிலே குரக்கனும் ஒடியலுமே எம் உயிரைக் காத்தன. எமக்கோ சொந்தத் திருகை இல்லை. அன்னையார் அயல் வீட்டிற்குச் சென்று அவர்களுடைய கல்லிலே எமது குரக்கனை அரைப்பார். கூலியாகக் காசு கொடுக்க வழியில்லாமையால், எமக்கு இரண்டு கொத்து அரைத்தால் அவர்களுக்கு ஒரு கொத்து அரைத்துக் கொடுப்பது ஒப்பந்தம். மாலை வேளைகளிலே அவ்வீட்டிலிருந்து எழுந்த திருகையின் ஓசை எனக்குப் பசி அடங்கப் போகின்றது என்னும் நற்செய்தியாகவே ஒலித்தது. அன்னையாருக்கு அது எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை நினைக்கும் அறிவு அப்போது எனக்கு இல்லை.

ஆண்டுகள் பல கழிந்து ஊர் திரும்பியபொழுது வீட்டிற்குக் கூரை இல்லை. கதவுகளும் நிலைகளும் இல்லை. முற்றம் எங்கும் நாயுருவியும் ஈச்சம் பற்றையும். அப்பற்றையை வெட்டுகையிலே கத்தி ஒரு கல்லிற் பட்டுக் கணீரென்றது. தோண்டிப் பார்த்தோம். திருகையின் கீழ்க்கல். நடுமுளை இற்றுப் போயிருந்தது, மேற்கல்லைக் காணோம். கிணற்றைக் கலக்கி இறைத்தபொழுதும் அது கிடைக்கவில்லை. பின்னர், ஆளரவமற்றுக் கிடந்த அயல் வளவிலே வேறொரு திருகையின் மேற்கல் மட்டும் கண்டெடுக்கப்பட்டது. அவ்வீட்டார் கனடா தேசத்திலே குடியேறியிருந்தனர். தொலைபேசியில் அன்னையார் செய்தியைச் சொன்னபொழுது மறுமுனையில் இருந்த பெண்மணி சிறிது நேரம் பேசாதிருந்து, “நீங்களே வைச்சிருங்கோ அக்கா. எங்கட அம்மாவின்ர கை பட்ட கல்லு, சும்மா கிடக்கக் கூடாது,” என்றார். கல் கொத்துபவர் ஒருவரை அழைத்து இரண்டையும் பொருந்தக் கொத்துவித்தோம். இன்றும் எங்கள் வீட்டிலே இருப்பது இரண்டு குடும்பங்களின் கற்கள் சேர்ந்த ஒரு திருகையேயாகும்.

எங்கள் ஊரிலே கோயில் மணியும் தேவாலய மணியும் ஒரே காற்றில் கலந்து ஒலிப்பன. கத்தோலிக்க நண்பராகிய ஆசிரியர் ஒருவரிடம் இக்கதையைச் சொன்னேன். அவர் விவிலியத்தின் உபாகம நூலிலுள்ள ஒரு விதியை எடுத்துரைத்தார். கடன் கொடுத்தவன் கடன்காரனுடைய திருகைக் கல்லை ஈடாகக் கொள்ளலாகாது. அது அவனது உயிரையே ஈடாகக் கொள்வதை ஒக்கும் என்பது அவ்விதியின் கருத்து. பல்லாயிரங் காதங்களுக்கு அப்பால், பன்னூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களும் ஒரு வீட்டின் உயிர்நிலை எங்கே உள்ளது என்பதை அறிந்திருந்தனர்.

இவ்வாறெல்லாம் சிந்தித்துக் கல்லின் பெருமையில் ஊறிப்போயிருந்த எனக்கு 2022ஆம் ஆண்டு ஒரு பாடத்தைக் கற்பித்தது. அவ்வாண்டு நம் நாட்டைப் பொருளாதார நெருக்கடி வாட்டியது. மார்ச்சு மாத இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. யூன் மாதம் முடியும் தறுவாயிலே தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் வழங்குவது இருவார அளவு நிறுத்தப்பட்டது. ஆடிப்பிறப்பு நெருங்கியது. எம் அயலிலிருந்த மில் டீசல் இன்றி நின்றது. நான் மகிழ்ச்சியோடு, “அம்மா, இந்த முறை நாங்கள் பழையபடி வீட்டிலேயே திருகையில் உடைச்சு உரலில் இடிச்சுச் செய்வம். பிள்ளையளும் பார்க்கட்டும்,” என்றேன்.

எழுபதைக் கடந்த அன்னையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, உனக்கு அது பாட்டு, எனக்கு அது தோள்மூட்டு நோ,” என்றார். பின்னர்ச் சிறிது நேரம் கழித்து, “நாங்கள் எண்டு சொல்லுறாய். அப்ப ஒருநாளும் நீயும் சுத்தேல்லை, கொப்பரும் சுத்தேல்லை,” என்றும் சொன்னார். கடிந்து சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார். எனினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் மாலை திருகையின் முன் நான் அமர்ந்தேன். எதிரே என் மகன் அமர்ந்தான். மகள் பயற்றைப் பிடிபிடியாக இட்டாள். முதலில் மிகுதியாக இட்டுக் கல்லை இறுக வைத்தோம்; பின்னர்க் குறைவாக இட்டு வெறுங்கல்லோடு கல்லைத் தேய்த்தோம். அன்னையார் திண்ணையிலிருந்தபடியே, “ஒரு பிடி, இரண்டு சுத்து. அவசரப்படாதை,” என்றார். அளவு பிடிபட்டது. பயறு முடிந்ததும் உரலடிக்குச் சென்றோம். இரண்டு கொத்து அரிசி. பாதியிலேயே என் வலக்கையிற் கொப்புளம் எழுந்தது. பதினைந்து வயது மகன் என்னிலும் விரைவிலே சோர்ந்து போனான். மாவினை அரித்து முடிக்க விளக்கு வைக்கும் நேரமாயிற்று. அன்னையார் எழுந்து வந்து விரலிடையே மாவைத் தேய்த்துப் பார்த்து, “இன்னும் ஒருக்கால் அரிக்கலாம்,” என்றார். அரித்தோம். நாற்பது ஆண்டுகளாக நான் உண்டுவந்த ஆடிக்கூழின் விலை எவ்வளவு என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

என் கருத்து இதன் பின்னரே உருப்பெற்றது. வீட்டிலே தானியம் அரைத்தலைப் பற்றிப் பேசுவோர் இன்று இரு திறத்தார். இயந்திரம் வந்த பின்னர்க் கல் எதற்கு, அதனைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்து அழகு பார்ப்போம் என்பார் ஒருசாரார். பெண்கள் உரலையும் திருகையையும் கைவிட்டமையாலேயே நோயும் சோம்பலும் பெருகின, பழையபடி அவற்றை எடுக்க வேண்டும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டாங் கருத்தினைச் சொல்வோர் பெரும்பாலும் ஆடவரே என்பது நோக்கத்தக்கது. தாம் ஒருநாளும் பிடியாத உலக்கையைப் பிறர் கையிற் கொடுப்பதற்கு அவர்கள் காட்டும் ஆர்வம் வியப்புக்குரியது. நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன் ஆகலின் அவர்களை இகழும் தகுதி எனக்கு இல்லை.

அத்தகையோர் காந்தியடிகளைத் துணைக்கு அழைத்தலும் உண்டு. 1927ஆம் ஆண்டு நவம்பரிலே யாழ்ப்பாணத்திற்கு எழுந்தருளிய அப்பெரியார், கைக்குத்தரிசியையும் கையால் அரைத்த மாவையும் போற்றியவர் என்பது உண்மையே. ஆயின் அவர் தமது சத்திய சோதனையிலே சொல்லியுள்ள ஒரு செய்தியை இவர்கள் ஊன்றிப் படித்தல் வேண்டும். தென்னாபிரிக்காவிலே, ஜொகன்னஸ்பேர்க்கு நகரில் வாழ்ந்த காலத்தில் அவர் ஏழு பவுண் கொடுத்து ஒரு கைத்திருகை வாங்கினார். இரும்புச் சக்கரம் ஒருவருக்குப் பாரமானது, இருவருக்கு எளிது. அதனைப் பெரும்பாலும் சுற்றியவர்கள் அவரும் நண்பர் போலாக்கும் பிள்ளைகளுமே. கஸ்தூரிபாய் அம்மையார் சிற்சில வேளைகளிலேயே கைகொடுத்தார். உபதேசத்திற்கு முன்னர்க் கைப்பிடியைத் தாம் பற்றிய அம்முறையே எமக்கு வழிகாட்டி.

உடல்நலத்தைக் காட்டி வாதிடுவோரும் உளர். இதிலே உண்மையையும் மிகையையும் பிரித்தறிதல் நன்று. அரிசியை வெள்ளை வெளேரெனத் தீட்டுவதால் தவிட்டோடு சத்தும் போய்விடுகின்றது என்பது நிறுவப்பெற்ற உண்மை. யாவாத் தீவிலே பணியாற்றிய ஒல்லாந்த மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் நரம்பு நோயால் துன்புற்றமையைக் கண்டு ஆராய்ந்தார். பெரிபெரி நோயின் காரணத்தை உலகு அறிவதற்கு அவ்வாராய்ச்சி வழிகோலியது. 1929ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் இங்கே குற்றம் தீட்டுதலைச் சார்ந்தது. கையால் அரைத்தாலென்ன, மில்லில் அரைத்தாலென்ன, முழுக் குரக்கன் முழுக் குரக்கனே. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபொழுது போற்றப்பட்ட குரக்கனும் சாமையும் வரகும் தினையும் நம் முன்னோரின் தோட்டப் பயிர்கள். அவற்றை மில்லில் அரைத்து உண்பினும் பயன் குன்றாது. ஆகவே, நோய் தீரும் என்று சொல்லித் திருகையை விற்க நான் முற்படேன். ஆண்டு முழுவதற்கும் மில் இருக்கட்டும். அது நம் தாய்மாரின் தோள்களுக்குக் கிடைத்த விடுதலை. அதனைப் பழிப்பது நன்றி மறத்தலாகும்.

அங்ஙனமாயின் ஆடிப்பிறப்பிற்கு மட்டும் வீட்டிலே அரைக்க வேண்டும் என்று நான் ஏன் சொல்கிறேன்? காரணம் மூன்று.

முதலாவது, நாம் தீவகத்தவர். பாலத்தையும் படகையும் நம்பி வாழ்பவர்கள். தடை வந்தாலும் நெருக்கடி வந்தாலும் எண்ணெய் முதலில் அற்றுப் போவது நம் கரையிலேதான். 1990இலும் வந்தது, 2022இலும் வந்தது. இனி வாராது என்று எவரும் உறுதி கூறார். அவ்வேளையிலே கல் இருந்தால் மட்டும் போதாது. அதனைச் சுற்றத் தெரிந்த கையும் இருத்தல் வேண்டும். ஒரு பிடிக்கு இரண்டு சுற்று என்னும் அறிவை ஏட்டிலே எழுதி வைத்துக் காக்க இயலாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பழகினாலன்றிக் கை அதனை மறந்துவிடும்.

இரண்டாவது, என் தொழிலைச் சார்ந்தது. எட்டாம் வகுப்பிலே ஒருநாள், “உரலில் தலையைக் கொடுத்த பின் உலக்கைக்கு அஞ்சலாமா” என்னும் பழமொழியை விளக்க முற்பட்டேன். மாணவர் பொருளைச் சரியாக எழுதினர். உரலைக் கண்டவர் யார் என்று வினவியபொழுது உயர்ந்த கைகள் சிலவே. புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் ஆகியவற்றின் வேறுபாட்டைக் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. சுளகு ஒன்றே; அதனைப் பிடிக்கும் முறையும் அசைக்கும் முறையும் வேறு. அம்மூன்று அசைவுகளுக்கும் மூன்று சொற்களைப் படைத்தது நம் மொழி. உமி, தவிடு, நொய், குறுநொய், கப்பி என்று உடைந்த தானியத்திற்கு அது வைத்துள்ள பெயர்களுக்கோ குறைவில்லை. தானியம் குற்றும் மகளிர் பாடிய வள்ளைப்பாட்டைக் கலித்தொகையும் சிலப்பதிகாரமும் தம்மகத்தே கொண்டு விளங்குகின்றன. மகளிர் பொற்சுண்ணம் இடிக்கும் பாவனையிலே மாணிக்கவாசகர் இறைவனைப் பாடியமையும் யாவரும் அறிந்ததே. உலக்கையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அறியாத பிள்ளைக்கு அப்பாடல்களின் சந்தத்தை எங்ஙனம் உணர்த்துவேன்? ஊர்காவற்றுறைக் கரம்பொனிலே 1913ஆம் ஆண்டு பிறந்த தனிநாயக அடிகளார், பண்டைத் தமிழ்ச் செய்யுளை அது பிறந்த நிலத்தோடும் இயற்கையோடும் இயைத்து ஆராய்ந்து உலகறியச் செய்தார். அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லின் பொருளை மாத்திரம் கொடுத்துச் சொல்லுக்குரிய பொருளைக் காட்டாது விடுவது தகுமா? கையிலே சுளகைக் கொடுத்தால் அகராதி சொல்லாததை அது சொல்லிவிடும்.

மூன்றாவது காரணமே எனக்கு முதன்மையானது. உணவின் பின்னே உள்ள உழைப்பை அறியாதவன் அதனை உண்ணும் தகுதியிற் குறைந்தவன். கூழ் வார்ப்பவளுக்கு நன்றி சொல்வது எளிது. அவளுடைய கைப்பிடியை ஒரு மாலைப்பொழுது வாங்கிக்கொள்வதே நன்றியின் மெய்ப்பொருள். ஆகலின் நான் வேண்டும் அரைப்பு, பெண்கள் பழைய வேலைக்குத் திரும்பும் அரைப்பு அன்று. அந்த ஒரு நாளிலே ஆடவரும் பிள்ளைகளும் கல்லின் முன் அமர வேண்டும். தாய்மார் திண்ணையில் அமர்ந்து குற்றம் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லும் குற்றங்களிலேதான் அக்கலையின் இலக்கணம் அடங்கியிருக்கின்றது.

புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவ அன்பர்கள், தொரன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் கருங்கல்லுக்கு எங்கே போவது என்று நகைக்கக்கூடும். அவர்தம் சமையலறைகளிலே உழுந்து அரைக்கும் மின் ஆட்டுக்கல் இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் ஆட்டுக்கல்லினைப் பாருங்கள். மின்சாரத்தாற் சுழலினும் அதனுள்ளே சுழல்வது கல்லேயாகும். இயந்திரம் கையை நீக்கிற்று. கல்லை நீக்க விரும்பவில்லை. எனவே கல் இல்லை என்று கவலுதல் வேண்டா. ஒரு சிறிய கையுரலும் ஒரு சல்லடையும் போதும். ஒரு சுண்டு அரிசியைப் பிள்ளைகள் தாமே இடித்து அரித்து, அம்மாவால் ஒரு கொழுக்கட்டை பிடிக்கட்டும். அது கோணலாகத்தான் இருக்கும், இருக்கட்டும். கடைப் பொட்டலத்து மாவிலே பிடித்த நூறு கொழுக்கட்டைகளை மறந்தாலும் அந்த ஒன்றை அவர்கள் மறவார்.

நமது பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. விழா ஆண்டின் நினைவாகக் கட்டடமும் வளைவும் எழுப்புதல் நன்று. அவற்றோடு, கைவிடப்பட்ட வளவுகளிலே உரியார் இசைவோடு தேடி, ஒரு திருகையையும் ஓர் உரலையும் கல்லூரி வளாகத்திலே நிறுவுவோமாக. கண்ணாடிப் பேழையுள் வைத்துப் பெயர்ப்பலகை எழுதுதல் வேண்டா. நிழல் தரும் மரமொன்றின் கீழ் வைத்தல் போதும். ஆண்டுதோறும் ஆடிப்பிறப்பிற்கு முதல் நாள் மாலையிலே பழைய மாணவர் கூடிப் பயறு உடைத்து, அரிசி இடித்து, மறுநாட் காலையிற் கூழ் காய்ச்சி இளைய மாணவருக்கு வார்ப்போமாக. வைத்தியர்களும் பொறியியலாளர்களும் சட்டத்தரணிகளும் உலக்கையைக் கைமாற்றி இடிக்கும் காட்சி இளைஞருக்கு எந்தச் சொற்பொழிவிலும் சிறந்த பாடமாகும். கொப்புளம் எழுவோருக்கு எண்ணெய் நான் கொண்டு வருகிறேன்.

2022இற்குப் பின் எம் வீட்டிலே ஒவ்வோர் ஆடிப்பிறப்பிற்கும் திருகை சுழன்று வருகின்றது. கைப்பிடி இப்போது பெரும்பாலும் மகனிடம். மகள் சுளகிற் புடைக்கக் கற்றுவிட்டாள். தெள்ளுவதற்கு இன்னும் வரவில்லை. அன்னையார் திண்ணையை விட்டு எழுவதில்லை. சென்ற ஆண்டு கூழைக் குடித்தபின் இலையை மடித்து வைத்துவிட்டு, “மா கொஞ்சம் கரடு. ஆனாப் பரவாயில்லை,” என்றார். ஆசிரிய கலாசாலையிற் பெற்ற சான்றிதழை விட அச்சொல்லை நான் பெரிதாகப் போற்றுகின்றேன். வருகின்ற ஆடிக்கு அக்கரட்டையும் போக்க எண்ணியுள்ளோம். கல் கொத்துபவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.